நாற்காலியை இழுக்கும் சத்தம்

கேள்வி: நான் திருமங்கலத்தில் வசிக்கிறேன். வயது 47. மதுரையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். மற்ற நாள்களில் வீட்டில் படிப்பேன். அண்மையில் படித்த க்ரைம் நாவல்கள், சமகால நாவல்கள் பற்றிய என் கருத்துகளைத் தனியே நான்கு பக்கங்களில் இணைத்திருக்கிறேன். க்ரைம் நாவல்களில் பெரும்பாலும் ஐந்தாவது அத்தியாயத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுகிறேன். கண்டுபிடிக்க முடியாமல் போனவற்றில், கடைசியில் இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்து ஆசிரியர் ஏமாற்றியிருக்கிறார். சமகால நாவல்களிலோ கதையே இல்லை. ஒன்றில் ஒரு கிழவி முந்நூறு பக்கமும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள், பிறகு செத்துப்போகிறாள், அவ்வளவுதான். இதையெல்லாம் பேச வீட்டில் ஆளில்லை. மனைவிக்கு வாசிப்பில் நாட்டமில்லை. சிறுவயதில் வாடகை நூலகத்திலிருந்து துப்பறியும் நாவல்களை எடுத்துவந்து என்னைப் பழக்கியவர் அம்மாதான். கடைசி அத்தியாயத்தை ஊக்கால் குத்தி மூடிவிட்டு, "யாருன்னு சொல்லு, அப்புறம் பிரிக்கிறேன்" என்பார். வயதானதும் அவருக்கும் ஆர்வம் போய்விட்டது. இப்போது நான் முடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, காலையில் வாசலிலும் மதியம் பின்கட்டிலுமாக நாற்காலியை இழுத்துக்கொண்டே இருக்கிறார். சனிக்கிழமைகளில் அந்தச் சத்தத்தில் ஒரு பக்கம்கூட ஓடுவதில்லை. என் ரசனை சரிதானா? அடுத்து என்ன படிக்கலாம்?

பதில்: நீங்கள் இணைத்திருந்த நான்கு பக்கங்களையும் படித்தேன். இரட்டைச் சகோதரனைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் துப்பறியும் கதை எழுதியவர்களுக்கே வந்திருக்கிறது. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தாமும் இவ்வகை நாவல்களை எழுதியவர், 1929இல் இதற்கென்று பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், வாசகரை ஆயத்தப்படுத்தாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது, துப்பறிபவர் காணும் தடயத்தை உடனுக்குடன் வாசகர் கண்ணிலும் காட்டிவிட வேண்டும் என்பவை அவற்றுள் சில. தடயத்தை மறைத்துவைத்துவிட்டு முடிவில் திகைக்கவைப்பவர் வாசகருக்குத் துரோகம் செய்கிறார் என்பதே என் எண்ணமும்.

அந்த விதியின்படி பார்த்தால் உங்கள் கடிதம் நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது. தடயம் முழுவதையும் என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஐந்தாவது அத்தியாயத்திலேயே கொலைகாரனைப் பிடித்துவிடும் நீங்கள், உங்கள் கையாலேயே எழுதிய அந்தத் தடயத்தைப் பார்க்கவில்லை.

காலையில் வாசல், மதியம் பின்கட்டு, மடியில் புத்தகம். ஒரு மூதாட்டி எதற்காக நாள் முழுவதும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவருகிறார்? வெயில் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் அவர் போகிறார், ஐயா. அவர் வெளிச்சத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். வாசிப்பில் ஆர்வம் போய்விட்டவர் மகன் முடித்துவைத்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏன் திரிய வேண்டும்? ஆர்வம் போயிருந்தால் நாற்காலி ஓரிடத்தில் கிடந்திருக்கும், அவரும் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருப்பார். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம், கண்ணைப் பார்க்க வேண்டியவர் மருத்துவர். ஆனால் ஒரு நாவலில் இந்த மூன்று குறிப்புகளும் வந்திருந்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்குள் இதே முடிவுக்கு நீங்களும் வந்திருப்பீர்கள். வீட்டில் நடந்ததால் அது உங்களுக்கு வெறும் இரைச்சலாகிவிட்டது.

என் சந்தேகம் கண்புரை மீது. கண்புரை என்பது விழிக்குள் இருக்கும் லென்ஸ் சிறுகச் சிறுக மங்குவது. அது வலிக்காது, கண் சிவக்காது, ஒரே நாளில் வந்து நிற்காது. அதனால்தான் கூடவே இருப்பவர்கள்கூட ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் இருந்துவிடுகிறார்கள். முகம் தெரியும், படி தெரியும், பால்காரர் வருவது தெரியும். சாணித்தாளில் மங்கலாக அச்சடித்த பொடி எழுத்து மட்டும் தெரியாது, அதிலும் வெளிச்சம் குறைந்தால் சுத்தமாகத் தெரியாது. பெரியவர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. மகனுக்குச் செலவு வைக்கக் கூடாது, மருமகளை மருத்துவமனைக்கு அலையவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, "இப்பவெல்லாம் படிக்கப் பிடிக்கலை" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். அந்த வார்த்தையை அப்படியே எழுத்துக்கு எழுத்து நம்பியிருக்கிறீர்கள். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் எத்தனையோ பிள்ளைகள் இப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். எனக்கு இதில் வியப்பில்லை, வருத்தம் மட்டுமே உண்டு.

மதுரைப் பக்கத்துக்காரரான உங்களுக்கு விசாரணையின் அருமையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பொற்கொல்லன் ஒருவனின் வாய்ச்சொல்லைக் கேட்டுக் கோவலனைக் கொல்லச் சொன்னவன் இந்த ஊர் அரசன். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். சிலம்பை உடைத்துப் பார்க்க அரைநொடி போதும், அந்த அரைநொடியை அவன் செலவிடவில்லை. துப்பறியும் கதைகளை இவ்வளவு விரும்பும் நீங்கள், உங்களைப் பெற்றவர் விஷயத்தில் "ஆர்வம் போய்விட்டது" என்று ஒரு கேள்வியும் கேட்காமல் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். "அம்மா, இந்த வரி தெரிகிறதா?" என்று ஒரு பக்கத்தை நீட்டிக் கேட்டிருந்தால் போதுமே. மற்றொரு கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு கண்ணாகக் கேட்டிருந்தால் இன்னும் நன்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நான்கு பக்கங்களில் நான் மிகவும் ரசித்தது கொலைகாரனை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று நீங்கள் விளக்கியிருந்த பத்தி: யார் தேவையில்லாமல் ஓர் அறைக்குள் வந்து போகிறார்கள், யாருடைய பேச்சை ஆசிரியர் அவசரமாக வெட்டிவிடுகிறார் என்றெல்லாம் நுட்பமாக எழுதியிருந்தீர்கள். அந்த நுட்பம் எங்கிருந்து வந்தது? கடைசி அத்தியாயத்தை ஊக்கால் குத்திவிட்டு, படித்த பக்கங்களை மறுபடி புரட்டி யோசிக்கவைத்தவரிடமிருந்து வந்தது. வாடகைப் புத்தகத்துக்கு நாள் கணக்கில் காசு. வீட்டுச் செலவில் அந்தக் காசை ஒதுக்கி, தாம் முந்திக்கொண்டு முடிவைப் படித்துவிடாமல் மகனுக்காகக் காத்திருந்தவர் அவர். இதையெல்லாம் எழுதிய அதே கையால், கதை பேச வீட்டில் ஆளில்லை என்றும் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்களுக்கு வாசிப்பைக் கற்பித்தவர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். மனைவிக்கு நாட்டமில்லை என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவின் சாப்பாட்டையும் துணிமணியையும் மாத்திரையையும் நாள் தவறாமல் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார், ஆகவே அந்தக் குறையை இங்கே கொண்டுவராதீர்கள்.

சமகால நாவல்களைப் பற்றிய உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை. கொலை நடந்து, கொலைகாரன் பிடிபட்டு, புத்தகம் மூடப்படும்போது மனம் நிம்மதியடைவது ஒரு நல்ல அனுபவம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வாழ்க்கையின் பெரும்பாலான தவறுகளுக்குக் கொலைகாரன் என்று ஒருவனைச் சுட்டிக்காட்ட முடியாது. இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் ஒரு பெண்ணையும், வெளியே காத்துக்கிடக்கும் அவள் குடும்பத்தையும் பற்றியது. ஒரு க்ரைம் நாவலில் இது தீ எப்படிப் பற்றியது என்ற ஒரே புதிராகச் சுருங்கிப்போயிருக்கும். இமையம் நம்மை அந்தக் குடும்பத்தோடு வராந்தாவில் உட்காரவைக்கிறார். பெற்றவர்கள் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று வாசகரே தன் வீட்டையும் சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் முடிச்சு அவிழவில்லை என்று குறைப்படுவது, அந்த நாவல் கேட்கும் உழைப்பைக் கொடுக்க மறுப்பதாகும். முந்நூறு பக்கமும் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தக் கிழவியின் நாவலை நான் படித்ததில்லை, நல்ல நாவலா என்றும் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை பக்கங்களிலும் அவளிடம் யார் வந்து பேசினார்கள், யார் பேசாமல் கடந்துபோனார்கள் என்பதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அதைக் கவனிக்காமல் கதை இல்லை என்று சொன்னால் நான் எப்படி ஒப்புக்கொள்வது?

என் கொள்கையை மறைக்காமல் சொல்கிறேன், பிடிக்காவிட்டாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றவருக்குச் சோறும் துணியும் மருந்தும் கொடுப்பதோடு பிள்ளையின் கடமை முடிந்துவிடாது. அவர் எதில் மகிழ்ந்தாரோ அது அவர் கையிலிருந்து நழுவும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவன் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நூலகத்தில் கழிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, வாரமெல்லாம் உழைப்பவருக்கு அது வேண்டும்தான்; அந்த ஞாயிறுகளில் ஒன்றில்கூட அம்மாவை உடன் அழைத்துப் போகத் தோன்றவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. 2023 ஜூலையில் திறந்த நூலகம் அது. இந்த வட்டாரத்தில் அப்படியொரு கட்டடத்தை அவர் தலைமுறை பார்த்ததே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவும் அங்கே இருக்கிறது.

நூலகம் பிறகு ஆகட்டும். முதலில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனைவியோடு அனுப்பிவைக்கக் கூடாது, நீங்களே போக வேண்டும். எங்கே என்று தேடும் ஊரில் நீங்கள் இல்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு எங்கெங்கிருந்தோ இரயில் ஏறி வருகிறார்கள். பணம் கட்ட இயலாதவர்களுக்கும் அங்கே சிகிச்சை உண்டு. கண்புரையில் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுப் பொருத்தும் செயற்கை லென்ஸும் 1992 முதல் இதே மதுரையில் தயாராகிறது. திருமங்கலத்திலிருந்து ஒரு பேருந்துப் பயணம்.

கண்புரைதான் என்று நீங்களாக முடிவுகட்டி, வெயில் காலம் போகட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். கண்ணாடி மாற்றினாலே சரியாகிவிடும் குறையாகவும் இருக்கலாம். கண் நீர் அழுத்த நோயாகவோ சர்க்கரையால் வந்த விழித்திரைப் பாதிப்பாகவோ இருந்தால் தாமதம் ஆபத்து. நீர் அழுத்தத்தால் இழந்த பார்வை திரும்பக் கிடைக்காது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா இல்லையா என்பதைக்கூட உங்கள் கடிதத்திலிருந்து என்னால் அறிய முடியவில்லை.

பழைய மருந்துச் சீட்டுகளையும் அவர் அணியும் கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பரிசோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரியவைப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாகவும் வெளிச்சம் கூசுவதாகவும் இருக்கும் என்பதால், படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன படிக்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு நான் பட்டியல் தரப்போவதில்லை. எதைக் கேட்க விருப்பம் என்று அம்மாவிடம் முதல் நாள் இரவே கேட்டு, அந்தப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் காத்திருக்க நேரமாகும். அந்த நேரத்தில் அதை அவருக்குப் படித்துக்காட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டாலும் பரவாயில்லை.