இடைக்கால உலகின் மிகத் தீர்க்கமான போர் வெற்றி எது? ஏன்?

என் ஓட்டு ஹத்தினுக்கு. 1187 ஜூலை 4 அன்று, கலிலேயாக் கடலுக்கு மேற்கே, இரண்டு முனைகள் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பழைய எரிமலைக் குன்றில், சிலுவைப்போர்க்காரர்களின் (ஜெருசலேமைப் பிடிக்க ஐரோப்பாவிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள்) ஜெருசலேம் அரசு தன்னிடம் இருந்த படை முழுவதையும் எகிப்து, சிரியாவை ஆண்ட சுல்தான் சலாதீனிடம் பறிகொடுத்தது.

இந்த மாதிரிக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் அஜின்கோர்ட். 1415-ல் ஆங்கிலேய வில்லாளிகள் சேற்றில் சிக்கிய பிரெஞ்சுக்காரர்களை நொறுக்கியது பெரிய வெற்றிதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் 1453-ல் அந்த நூறாண்டுப் போர் ஓய்ந்தபோது பிரான்ஸ் மண்ணில் இங்கிலாந்துக்கு மிஞ்சியது கலே மட்டும். நம் பக்கத்தில் தக்கோலத்தைச் சொல்வார்கள். 949-ல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே உயிரை விட்டான், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டான், சரி. அடுத்த ஐம்பது வருடத்தில் ராஷ்டிரகூட அரசே இல்லை, சோழ நாட்டில் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்தான். களத்தில் எத்தனை தலை உருண்டது என்று நான் பார்ப்பதில்லை, தோற்றவனுக்கு மறுநாள் காலையில் என்ன மிச்சம் இருந்தது என்றுதான் பார்ப்பேன்.

ஹத்தினில் மிச்சம் ஒன்றும் இல்லை. காரணம், அந்தப் படையைத் திரட்டிய விதம். சுமார் 1,200 நைட்டுகள் (முழுக்கவசம் போட்ட குதிரை வீரர்கள்), காலாட்கள் எல்லாம் சேர்த்து பதினெட்டு, இருபதாயிரம் பேர் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஆளே குறைவாக இருந்த நாட்டில் அவ்வளவு பேரைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒரே வழிதான், கோட்டைகளிலும் நகரங்களிலும் காவலுக்கு இருந்தவர்களைக் கிளப்பிக்கொண்டு வருவது. அதைத்தான் செய்தார்கள். அந்தப் படை தோற்றால் மதிலுக்கு மேலே நிற்கக்கூட ஆள் கிடையாது.

இது தெரிந்தும் ஏன் சண்டைக்குப் போனார்கள்? சலாதீன் ஜூலை 2 அன்று திபேரியா நகரத்தைத் தாக்கினார். நகரம் விழுந்துவிட்டது, உள்கோட்டையில் மட்டும் திரிபோலிப் பிரபு ரேமண்டின் மனைவி எஸ்கிவா சிறு காவலோடு தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்தவப் படை சுமார் 25 கிலோமீட்டர் மேற்கே சஃபூரியாவில், நல்ல ஊற்றுகள் உள்ள இடத்தில் முகாம் போட்டிருந்தது. போக வேண்டாம் என்று சொன்னது யார் தெரியுமா? அந்த ரேமண்டே. திபேரியா என் ஊர், உள்ளே இருப்பது என் மனைவி, இருந்தாலும் ஊர் போனால் போகட்டும், இந்த வெயிலில் தண்ணீரை விட்டு நகர்ந்தால் நாடே போய்விடும் என்கிற அர்த்தத்தில் பேசினார். ராஜா கீ தெ லுசிஞான் முதலில் ஒத்துக்கொண்டார். அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக டெம்ப்ளர் வீரர்களின் (துறவிகள் மாதிரி சபதம் எடுத்துக்கொண்ட நைட்டுகளின் அமைப்பு) தலைவர் ஜெரார்ட் ராஜாவின் கூடாரத்துக்குள் போய், ரேமண்ட் துரோகி, அவன் பேச்சைக் கேட்காதீர்கள் என்று மனதைக் கலைத்துவிட்டார். ரேமண்ட் மேல் அந்தச் சந்தேகம் சும்மா வரவில்லை. கொஞ்ச நாள் முன்புவரை அவர் சலாதீனோடு தனியாக உடன்பாடு வைத்திருந்தவர்.

கீயை எல்லோரும் முட்டாள் ராஜா என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1183-ல் இதே சலாதீன் இதே மாதிரி படையெடுத்து வந்தபோது, அன்றைக்குத் தொழுநோயால் படுத்திருந்த நான்காம் பால்ட்வினுக்குப் பதிலாகப் படையை நடத்தியது கீதான். தண்ணீர் உள்ள இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார், சாப்பாடு தீர்ந்து சலாதீன் திரும்பிப் போய்விட்டார். சரியான வேலை. அதற்குக் கிடைத்த பரிசு, கோழை என்ற பட்டமும் பதவி பறிப்பும். நான்கு வருடம் கழித்து அதே ஆளிடம் மறுபடியும் சும்மா உட்கார் என்றால் உட்காருவாரா?

ஜூலை 3 காலை கிளம்பினார்கள். வழியில் துரான் என்ற இடத்தில் ஒரு ஊற்று இருந்தது, அத்தனை பேருக்கு அது காணாது, அதையும் விட்டுவிட்டு மேலே நடந்தார்கள். அவர்கள் தாண்டிய உடனே சலாதீனின் ஆட்கள் பின்னால் சுற்றிவந்து அந்த ஊற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இனி முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. ஒரு குதிரைக்குச் சாதாரண நாளிலேயே முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். ஜூலை வெயில், இரும்பு வளையச் சட்டை, நாள் முழுக்க அம்பு. அன்று ராத்திரி மஸ்கனா என்ற இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் படுத்தார்கள்.

சலாதீன் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதுதான் எனக்கு இந்தப் போரிலேயே பிடித்த பகுதி. கலிலேயாக் கடலிலிருந்து (பெயர்தான் கடல், அது நன்னீர் ஏரி) தோல் பைகளில் தண்ணீரை ஒட்டகங்களில் ஏற்றி முகாமுக்கு மேலே கொண்டுவந்துகொண்டே இருந்தார்கள். அதே ராத்திரியில் வில்லாளிகளுக்கு அம்பு பங்கிட்டார்கள், மறுநாள் சண்டை நடக்கும்போதே கொடுப்பதற்காக எழுபது ஒட்டகங்களில் தனியாக அம்பு ஏற்றி நிறுத்தியிருந்தார்கள் என்று சலாதீனின் செயலர் இமாதுத்தீன் எழுதிவைத்திருக்கிறார். காய்ந்த புல்லுக்குத் தீ வைத்து, புகையை எதிராளி தொண்டைக்குள் விட்டார்கள். வீரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், இங்கே பாதி ஜெயித்தது ஒட்டகக்காரன்.

மறுநாள் காலாட்படை முதலில் உடைந்தது, தாகம் தாங்காமல் அணியை விட்டுக் குன்றின் மேல் ஏறிவிட்டார்கள், கூப்பிட்டும் இறங்கவில்லை. ரேமண்ட் குதிரைகளோடு பாய்ந்தபோது சலாதீனின் அண்ணன் மகன் தகியுத்தீன் வரிசையைத் திறந்து வழிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார், ரேமண்ட் வெளியே, படை உள்ளே. மிஞ்சியவர்கள் ராஜாவின் கூடாரத்தைச் சுற்றி மேலே நின்று திரும்பத் திரும்பக் கீழே பாய்ந்தார்கள். பக்கத்தில் நின்ற சலாதீனின் பதின்ம வயது மகன் அல்-அஃப்தல், ஜெயித்துவிட்டோம் என்று கத்தினான், வாயை மூடு, அந்தக் கூடாரம் விழுகிற வரை ஜெயிக்கவில்லை என்று அப்பா அதட்டினார், அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் கூடாரம் விழுந்தது. பிற்பாடு மகனே சொன்னதாக அந்தக் கால வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் இதைப் பதிவுசெய்திருக்கிறார்.

பிடிபட்ட கீக்குக் குளிர்ந்த பானம் கொடுத்து மரியாதையாக நடத்தியதை எல்லோரும் சொல்வார்கள். இரண்டு நாள் கழித்து டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் (டெம்ப்ளர் மாதிரியே இன்னொரு அமைப்பு) கைதிகள் இருநூறு பேர் வரை, தலைக்கு ஐம்பது தினார் கொடுத்து வாங்கப்பட்டு, வெட்டப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சலாதீனைக் கருணை வள்ளலாக மட்டும் காட்டுகிற பதிவுகளில் இது வராது.

அடுத்த ஒரு வாரத்துக்குள் அக்கோ துறைமுகம் சரண். அப்புறம் யாஃபா, சீதோன், பெய்ரூட், அஸ்கலோன். செப்டம்பரில் ஜெருசலேம் முற்றுகை தொடங்கியபோது நகருக்குள் இருந்த நைட்டுகள் இரண்டே பேர் என்று ஒரு குறிப்பு சொல்கிறது. தற்காப்பை ஏற்ற பாலியன் என்ற பிரபு, பதினாறு வயது தாண்டிய உயர்குடிப் பையன்களுக்கும் ஊர் வணிகர்களுக்கும் நைட் பட்டம் கட்டி மதிலுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அக்டோபர் 2 அன்று நகரம் கைமாறியது. 88 வருடம் கையில் வைத்திருந்ததை மூன்றே மாதத்தில் இழந்தார்கள்.

எதிர்வாதமும் இருக்கிறது. பைபிளில் தீரு என்று வரும் துறைமுகத்தைச் சலாதீனால் பிடிக்க முடியவில்லை. கான்ராட் என்ற இத்தாலியப் பிரபு ஜூலையில் கப்பலில் வந்து, அக்கோவில் மணியோசை கேட்காததால் சந்தேகப்பட்டு, அப்படியே தீருவுக்குத் திருப்பி அதைக் காப்பாற்றிவிட்டார். அந்த ஒரு ஊரைப் பிடித்துக்கொண்டுதான் மூன்றாம் சிலுவைப்போர் நடந்தது, அக்கோ திரும்பக் கிடைத்தது, 1291 வரை கடற்கரை ஓரமாக ஒரு அரசு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெருசலேமைச் சண்டை போட்டுத் திரும்பப் பிடிக்க மட்டும் அவர்களால் கடைசிவரை முடியவில்லை. மூன்றாம் சிலுவைப்போரில் வந்த இங்கிலாந்து ராஜா ரிச்சர்ட் இரண்டு முறை பக்கத்தில் வந்து திரும்பிப் போனார். 1229-ல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக்குக்கு அது கிடைத்ததுகூட ஒப்பந்தத்தில்தான், அதுவும் 1244-ல் போய்விட்டது.