என் பிள்ளை சோதனை எலியா? – கடிதம்

வணக்கம் அக்கா,

ஆட்டிசம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் மகனுக்கு ஐந்து வயது. இன்னும் பேச்சு வரவில்லை, ஆனால் வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டிவிடுவான். அவனைப் பார்க்கும் டாக்டர், ஒரு புதிய மருந்துக்கான கிளினிக்கல் ட்ரையல் நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேர்க்கலாம் என்றார். பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் டம்மி, யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம். என் கணவர் "என் பிள்ளை என்ன சோதனை எலியா?" என்று கோபப்பட்டு எழுந்து வந்துவிட்டார். இன்னொரு பக்கம், எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு அம்மா தன் மகளுக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டதாகவும் மூன்றே மாதத்தில் பேச ஆரம்பித்துவிட்டதாகவும் சொல்கிறார். அங்கே டம்மி கிடையாது, பணம் கட்டினால் எல்லோருக்கும் நிஜ மருந்துதான். கடன் வாங்கியாவது போட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன? பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன், கடன் வாங்கி அந்த ஊசியைப் போடாதீர்கள். ட்ரையலில் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் இருவரின் விருப்பம், எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அதில் தவறில்லை. ஆனால் டம்மி தருகிற இடத்தைவிட எல்லோருக்கும் நிஜ மருந்து தருகிற இடம் மேல் என்று நீங்கள் நினைக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

செக்ரெட்டின் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. சிறுகுடலில் சுரப்பது, கணையத்தைத் தூண்டி செரிமான நீரை வரவழைக்கும். கணையம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அதை ஊசியாகப் போடுவார்கள். 1998இல் ஒரு அமெரிக்க மருத்துவக் குழு, வயிற்றுக் கோளாறுக்காக வந்த ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்தபோது, சில வாரங்களில் அவர்களுடைய பேச்சும் கண் பார்த்துப் பழகுவதும் மேம்பட்டதாக எழுதியது. மூன்றே குழந்தைகள்தான். செய்தி தொலைக்காட்சியில் வந்தது, அவ்வளவுதான், ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசிக்காக அலைந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நானாக இருந்தாலும் அலைந்திருப்பேன்.

அடுத்த ஆண்டே அதை முறையாகச் சோதித்தார்கள். 60 குழந்தைகள், பாதிப் பேருக்கு செக்ரெட்டின், பாதிப் பேருக்கு உப்புநீர், யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் செக்ரெட்டின் போட்ட குழந்தைகளிடம் முன்னேற்றம் இருந்தது. உப்புநீர் போட்ட குழந்தைகளிடமும் கிட்டத்தட்ட அதே அளவு முன்னேற்றம். அதன் பிறகு வேறு வேறு இடங்களில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஆய்வுகள், மொத்தம் 900க்கும் அதிகமான குழந்தைகள், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் இருப்பதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. இதில் என் மனதை விட்டு அகலாத விஷயம் வேறொன்று. அந்த முதல் ஆய்வின் முடிவைச் சொன்ன பிறகும், அதில் கலந்துகொண்ட பெற்றோரில் 69 சதவீதம் பேர் தங்கள் பிள்ளைக்கு செக்ரெட்டின் போட்டுப் பார்க்க இன்னும் ஆர்வமாகத்தான் இருந்தார்கள்.

உப்புநீரில் எப்படி முன்னேற்றம் வரும்? பெற்றோர் பொய் சொல்லவில்லை. முதல் காரணம், குழந்தை வளர்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தையும் தன் வேகத்தில், தன் வழியில் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது, மூன்று வயதில் பேசாத குழந்தைகளில் பலர் ஐந்திலோ ஆறிலோ பேசத் தொடங்குகிறார்கள். இரண்டாவது, நாம் புதிய சிகிச்சையைத் தேடி ஓடுவது நிலைமை ரொம்ப மோசமாக இருக்கும் நேரத்தில், அந்த மோசமான கட்டம் எப்படியும் கொஞ்சம் தணியும். மூன்றாவது, ஊசி போட்ட நாளிலிருந்து நாம் பிள்ளையைக் கூர்ந்து பார்க்கிறோம், முன்பு கண்ணில் படாதது இப்போது படுகிறது.

இந்த ஆய்வுகளில் எதை வைத்து அளக்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் நம்மிடம் தரப்படும் ஒரு கேள்வித்தாளை வைத்துத்தான். அதிகம் பயன்படும் ஒன்றில் 58 கேள்விகள். காரணமில்லாமல் கத்துகிறானா, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறானா என்று போகும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். போன மாதம் 3 போட்ட அம்மா, இந்த மாதம் பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்கிறார். செவ்வாய்க்கிழமை அழுதான், ஆனால் சீக்கிரம் சமாதானமாகிவிட்டான், சரி, 2 போடலாம். இப்படிப் பத்துக் கேள்விகளில் ஒவ்வொரு எண் குறைந்தால் போதும், மருந்து வேலை செய்வதுபோல் காகிதத்தில் தெரியும். மருந்து பெற்றோம் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அந்தப் பேனா இன்னும் எளிதாக இறங்கும். டம்மி குழுவின் தேவையே இதற்காகத்தான். அது இல்லாத இடத்தில், உங்கள் பிள்ளை தானாக வளர்ந்த வளர்ச்சியை எல்லாம் மருந்து தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். வாட்ஸப் குழுவில் சொன்ன அந்தக் குழந்தை பேசியது உண்மையாகத்தான் இருக்கும், அதைக் கேட்டு எனக்கும் சந்தோஷம்தான். ஊசியால் பேசினாளா என்று அந்த அம்மாவுக்கும் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது.

இதே வகைச் சிகிச்சை ஒன்றுக்குச் சரியான சோதனை நடந்திருக்கிறது என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முதலில் 25 குழந்தைகளுக்கு, ஸ்டெம் செல்கள் உள்ள தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார்கள், டம்மி கிடையாது, முன்னேற்றம் தெரிந்தது. பிறகு அதே குழுவினரே 180 குழந்தைகளோடு டம்மி வைத்துச் செய்தார்கள். 2020இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து, அவர்கள் முதன்மையாக அளக்கத் திட்டமிட்டிருந்த சமூகத் திறன்களில் இரண்டு தரப்புக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள், அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பணம் வாங்கிக்கொண்டு இதே மாதிரி ஊசி போடும் இடங்கள் எவ்வளவு உறுதியாகப் பேசினாலும், அந்த உறுதிக்குப் பின்னால் இப்படி ஒரு ஆதாரம் இல்லை. ஆபத்து மட்டும் இருக்கிறது, மயக்க மருந்து, தொற்று, அப்புறம் உங்கள் கடன்.

சின்ன ஆய்வில் மின்னியது பெரிய ஆய்வில் காணாமல் போவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. பழகும் தன்மையோடு தொடர்புடைய ஹார்மோனான ஆக்சிடோசினின் மூக்கு ஸ்ப்ரேயைப் பற்றி எவ்வளவு எதிர்பார்ப்பு இருந்தது! 290 பிள்ளைகளிடம் 24 வாரம் கொடுத்துப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள், டம்மி ஸ்ப்ரேக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. சிறுநீர் பெருக்கும் மாத்திரையான புமெட்டனைடும் அப்படித்தான், 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் அதே ஆண்டில் பலன் இல்லை என்று நிறுத்தப்பட்டன. எனவே இந்த ட்ரையல் மருந்தின் மேலும் பெரிய நம்பிக்கை வைத்துக்கொண்டு போகாதீர்கள். டாக்டர் உங்களிடம் கேட்பதற்குக் காரணமே, அது வேலை செய்யுமா என்று யாருக்கும் தெரியாது என்பதுதான்.

மருந்தே கிடையாதா என்றால், ஓரளவு இருக்கிறது. தன்னையே அடித்துக்கொள்வது, கடிப்பது, அடங்காத ஆவேசம் போன்றவற்றுக்கு ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் என்ற இரண்டுக்கு அமெரிக்காவில் 2006லும் 2009லும் அனுமதி கொடுத்தார்கள். ரிஸ்பெரிடோனை 101 பிள்ளைகளிடம் எட்டு வாரம் சோதித்ததில் மருந்து பெற்றவர்களில் 69 சதவீதம் பேருக்கும் டம்மி பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்கும் பலன் தெரிந்தது. நிஜமாக வேலை செய்கிற மருந்து டம்மியை எப்படித் தாண்டிப் போகிறது பாருங்கள். அதே எட்டு வாரத்தில் எடையும் சராசரியாக 2.7 கிலோ கூடியது, டம்மி தரப்பில் 0.8 கிலோதான், ஒரு சின்னப் பிள்ளைக்கு அது கொஞ்சநஞ்சம் இல்லை. அப்புறம் இந்த மருந்துகள் பேச்சையோ பழகும் விதத்தையோ மாற்றுவதற்கானவை இல்லை.

பேச்சு, பழகுதல் பக்கம் எனக்கு நம்பிக்கை தருவது பெற்றோர் வழியாகச் செய்யும் பயிற்சிகள்தான். பிரிட்டனில் 152 குழந்தைகளோடு நடந்த ஒரு ஆய்வில், அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, தெரபிஸ்ட்டும் அவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். இங்கே அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் கவனிக்கவில்லை, இங்கே கொஞ்சம் காத்திருந்தால் அவனே கேட்டிருப்பான் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். பலன் பிரமாதமாக ஒன்றும் இல்லை, மிதமானதுதான், ஆனால் சுமார் ஆறு ஆண்டு கழித்து 2016இல் திரும்பப் பார்த்தபோதும் அது மிச்சமிருந்தது. உங்கள் மகன் உங்கள் கையைப் பிடித்து இழுக்கிறான் என்று எழுதினீர்களே, இந்த வகைப் பயிற்சி அப்படிப்பட்ட இடத்தில்தான் தொடங்கும்.

தெரபி என்றாலே கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். சிறு குழந்தைகளுக்கான ஆட்டிசப் பயிற்சிகள் பற்றிய 150 ஆய்வறிக்கைகளை எடுத்துப் பார்த்தவர்கள், தீய விளைவுகளைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னவை 11தான் என்று 2021இல் எழுதினார்கள். மருந்தென்றால் கேட்கிற கேள்வியைப் பயிற்சி என்றால் நாம் கேட்பதில்லை. பிள்ளை அழுதுகொண்டே போகிறானா, ராத்திரி தூக்கம் கெடுகிறதா என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டியவை. கையை உதறுவதை நிறுத்திக் காட்டுவதை வெற்றி என்று சொல்லும் இடங்களை நான் நம்புவதில்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலரும் அது தங்களை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி என்றே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் எதை அளப்பது என்று தீர்மானித்திருக்க வேண்டும், இந்தத் துறை அதை ரொம்பத் தாமதமாகத்தான் ஆரம்பித்திருக்கிறது.

இனி உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். ஒழுங்காக நடக்கும் ட்ரையலில் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்க வேண்டும், ஆய்வைப் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும், பக்கவிளைவு ஒவ்வொன்றையும் எழுதிவைக்க வேண்டும், எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் நீங்கள் விலகிக்கொள்ளலாம். சேர்வதற்குப் பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள். ஊசி போட்டு அனுப்பிவிட்டு, அப்புறம் அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று யாரும் குறித்துவைக்காத இடத்தில்தான் பிள்ளை எலியாகிறது. இதை அவரிடம் வாதமாகச் சொல்லாதீர்கள், அவர் கோபம் பிள்ளை மேல் உள்ள அக்கறை.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு பேருமாகப் படியுங்கள். எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள், எத்தனை முறை வர வேண்டும், இப்போது போகும் ஸ்பீச் தெரபியைத் தொடரலாமா, ஆய்வு முடிந்ததும் டம்மி பெற்ற பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பார்களா, முடிவை நமக்குச் சொல்வார்களா, இதெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு கேளுங்கள். ஊசியைக் கண்டாலே உங்கள் மகன் நடுங்குகிற குழந்தை என்றால், அந்த ஒன்றுக்காகவே வேண்டாம் என்று சொல்லலாம், டாக்டர் தவறாக நினைக்க மாட்டார். அடுத்த முறை உங்கள் கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள், அந்தக் கேள்வியை அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.

அன்புடன்,
அக்கா