ஒரே கடல், ஆளுக்கொரு கேள்வி: பாம்பன் கரையிலிருந்து கேள்வி பதில்

பாம்பன், மண்டபம் பக்கம் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்குப் பல வருஷமாகப் படகும் துணையும் ஏற்பாடு செய்து வருகிறேன். எந்தத் துறைக்காரர் எதைத் தேடி வருகிறார் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வனத்துறை அனுமதி இல்லாமல் எந்தத் தீவிலும் கால் வைக்காதீர்கள்.

எல்லாரும் பார்ப்பது ஒரே கடல்தானே அண்ணே, அப்படி என்ன வித்தியாசமாகக் கேட்டுவிடுவார்கள்? (கல்லூரி மாணவி, கீழக்கரை)

நல்ல கேள்வி தங்கச்சி. பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். விலங்கியல்காரர் அங்கே பலனோகிளாசஸ் புழுவைத் தேடுவார். நீர் வற்றிய மணலில் முறுக்குப் பிழிந்ததுபோல் எச்சம் கிடக்கும், அதற்குக் கீழே புழு இருக்கும். தொட்ட கையில் ஆஸ்பத்திரி மருந்து வாடை அடிக்கும். அந்தப் புழுவிடம் அவருக்கு என்ன வேலை? முதுகெலும்புள்ள உயிர்கள் எப்படித் தோன்றின என்ற பெரிய கேள்விக்கு அது ஒரு சாட்சி. ராமேஸ்வரம் தீவில் கரையேறி நிற்கும் பழைய பவளப்பாறைக்கு வரும் மண்ணியல்காரரோ, சில ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் கடல்மட்டம் எங்கே நின்றது என்று கேட்பார்.

வைகை முகத்துவாரத்தில் பழைய துறைமுகம் இருந்த அழகன்குளத்திலும் இதே கதைதான். பானை ஓட்டில் கீறிய கப்பலைப் பார்த்து, இது எந்த ஊர்க் கப்பல் என்று தொல்லியல்காரர் கேட்கிறார். வைகை அன்றைக்கு எந்த இடத்தில் கடலில் சேர்ந்தது, துறைமுகம் ஏன் கைவிடப்பட்டது என்பது ஆற்றைப் படிக்கிறவரின் கேள்வி. ரோமானியக் காசு எடுத்த குழியில் இந்த இரண்டு பேரும் நின்று பேசுவதைக் கேட்க வேண்டும், அவ்வளவு சுவையாக இருக்கும்.

ராமர் பாலம் மனிதர் கட்டியதா, இல்லையா? (பரமக்குடி)

மண்ணியல்காரர்கள் அதை இயற்கையாக உருவான மணல்திட்டு, சுண்ணாம்புப்பாறைத் தொடர் என்கிறார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை சுமார் 29 கி.மீ. 2024-இல் இஸ்ரோ விஞ்ஞானிகள் செயற்கைக்கோளின் லேசர் அளவுகளை வைத்து, நீருக்கடியில் இருப்பதையும் வரைபடமாக்கினார்கள். நம்பிக்கை வேறு, அதை ஆய்வுக் கருவியால் அளக்க யாரும் வரவில்லை.

சார், ராமர் பாலத்துக்கு எத்தனை வயசு? மிதக்கும் கல் உண்மையா? (மதுரை)

வயசு சொல்ல நான் ஆள் இல்லை, அது எப்படி உருவானது என்பதை மேலே உள்ள பதிலில் படியுங்கள். உள்ளே நிறையக் காற்றறை உள்ள கல் மிதக்கும். ஆனால் மிதக்கும் கல் என்று பவளத் துண்டைக் கடையில் விற்றாலும் வாங்காதீர்கள், செத்த பவளமும் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டதுதான்.

தனுஷ்கோடி புயலைப் பற்றி இன்னும் என்ன ஆராய இருக்கிறது? (ராமநாதபுரம்)

நிறைய இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு கடல் எவ்வளவு உயரம் ஏறியது என்று வானிலைக்காரர் கேட்பார். பாம்பன் பாலத்தை 46 நாளில் எப்படி மீட்டார்கள் என்பது பொறியாளரின் கேள்வி. தப்பி வந்தவர்கள் எந்த ஊரில் குடியேறினார்கள் என்று கேட்டு வருகிறவர்கள் குறைவு. அவர்கள்தான் அவசரமாக வர வேண்டும், நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பெப்சிப் பாசி வளர்ப்பால் பெண்கள் கையில் காசு பார்த்தார்கள். உயிரியல்காரர்கள் ஏன் அதை எதிர்க்கிறார்கள்? (பொருளியல் மாணவர், தொண்டி)

தம்பி, இருவர் கேள்வியும் வேறு. பெப்சிப் பாசி என்பது பெப்சி கம்பெனி இங்கே வளர்க்கவைத்த கப்பாபைகஸ் என்ற கடற்பாசி. மூங்கில் தெப்பத்தில் கட்டினால் 45 நாளில் அறுவடை, வீட்டுக்கு எவ்வளவு வருமானம் என்பது உங்கள் கணக்கு. வெளிநாட்டிலிருந்து வந்த அந்தப் பாசி பவளத்தின்மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைத்தால் பவளம் பிழைக்குமா என்பது அவர்கள் கணக்கு. குருசடையில் அது பவளத்தின்மேல் ஏறியதை 2008-இல் பதிவு செய்தார்கள். தெப்பம் இறங்குவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு தீவில் பரவியதற்காக எங்கள் வயிற்றில் அடிப்பதா? பிடுங்கிப் போட்டால் தீர்ந்தது! (மண்டபம்)

தீராது அக்கா. ஒரு துண்டு ஒட்டியிருந்தாலும் திரும்ப வளரும். கையால் பிய்த்து எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தது.

அப்படியென்றால் அடியோடு தடை செய்ய வேண்டியதுதானே? (தூத்துக்குடி)

அதையும் ஒப்பமாட்டேன். பாக் விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் வளர்க்கலாம் என்று 2005-இலேயே அரசாணை வந்தது. எங்கே வளர்ப்பது என்பதில்தான் சண்டை. தடை கேட்பவர்கள் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துக்குப் போய்ப் பாருங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டு முங்கி, கடலில் தானாக வளரும் மரிக்கொழுந்துப் பாசியை எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். பாசி பெருகுவதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை எந்த அளவுகோலில் பதிவு செய்வது? மானிடவியல்காரர்கள் கேட்பது இதைத்தான், எனக்கும் இதுதான் முக்கியம்.

2013-க்குப் பிறகு தெப்பத்துப் பாசி கூட்டமாகச் செத்தபோது இன்னொரு கேள்வி வந்தது: ஒரே விதையைத் துண்டுதுண்டாக வெட்டி வளர்த்த பயிர், கடல் சூடேறினால் எப்படித் தாங்கும்? இதில் பொருளியலும் உயிரியலும் ஒரே தெப்பத்தில்தான் நிற்கின்றன. மண்டபம் அக்காவும் தூத்துக்குடிக்காரரும் இதைப் பற்றி எழுதுங்கள்.

அண்ணே, ராமர் பாலம்... (திருச்சி)

இதற்கு இனிப் பதில் இல்லை.

கடல் பசுவைப் பார்க்கப் படகு கிடைக்குமா? (சென்னை)

சுற்றுலாவுக்கு நான் ஆள் இல்லை. வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆய்வுக்கு ஒரு தலைப்பு சொல்லுங்கள் ஐயா. (தேவிபட்டினம்)

என்ன படிக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே. கச்சான் என்ற மேல்காற்று மாறும்போது நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எப்படித் திரும்புகிறது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அது எந்தத் துறைக் கேள்வி என்று அப்புறம் உட்கார்ந்து பார்ப்போம்.