அவர் வீட்டில் இல்லாத நாளை வைத்து வீடு பாருங்கள்

அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டுவிட்டீர்கள், அதனால் அக்காவாகவே சொல்கிறேன். கணவர் கிரீன் கார்டில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, பயிற்சி முடிந்து, வட கரோலினாவில் உள்ள ஃபோர்ட் பிராக்குக்கு ஆர்டர் வாங்கியிருக்கிறார். மூன்று வயது மகளோடு நீங்கள் மதுரையிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறீர்கள், இன்னும் வண்டி ஓட்டப் பழகவில்லை. பேஸுக்குள்ளேயே, அதாவது ராணுவத் தளத்துக்குள்ளேயே, குடும்ப வீடு எடுப்பதா, வெளியே ஃபயெட்வில்லில் வாடகைக்குப் பார்ப்பதா, இல்லை தமிழர்கள் இருக்கும் கேரி, மோரிஸ்வில் பக்கம் குடியிருந்து அவர் தினமும் போய்வருவதா என்பதுதான் கேள்வி.

முதல் வருடம் உள்ளே இருங்கள். அப்புறம் யோசிக்கலாம்.

கேரியை இப்போதே தள்ளிவிடுங்கள். ஆசை புரிகிறது. வெங்கடேஸ்வரர் கோயில், மளிகைக்கடை, வார இறுதித் தமிழ் வகுப்பு எல்லாம் அங்கேதான். ஆனால் அவருடைய யூனிட்டில் காலை ஆறரைக்கு உடற்பயிற்சிக்கு வரிசையில் நிற்க வேண்டும். கேரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், கேட்டில் வண்டி வரிசை வேறு. ஐந்து மணிக்கு முன்னால் கிளம்ப வேண்டியிருக்கும். இன்னொன்று, ராணுவம் தரும் வீட்டுப்படி, அதாவது பி.ஏ.ஹெச்., வேலை பார்க்கும் இடத்தின் ஜிப் கோடை (நம் ஊர் பின்கோடு மாதிரி) வைத்துத்தான் கணக்காகும், குடியிருக்கும் இடத்தை வைத்து அல்ல. பிராக் கணக்கில் வரும் பணத்தை வைத்துக்கொண்டு கேரி வாடகை கொடுக்க முடியாது. சனிக்கிழமை போய்க் கோயிலையும் கடையையும் முடித்துக்கொண்டு வரலாம், அதுவே போதும்.

மீதி இருப்பது உள்ளேயா, வெளியேயா. எல்லோரும் இதைப் பணக் கணக்காகப் போடுவார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு: உங்கள் கணவர் வீட்டில் இல்லாத நாட்களில் அந்த வீடு எப்படி இருக்கும்? ஏனென்றால் அப்படிப்பட்ட நாட்கள் நிறைய வரும். பிராக்கில் இருக்கும் 82வது வான்வழிப் படைப்பிரிவில் ஒரு பகுதி எப்போதும் 18 மணி நேரத்தில் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். 2020 புத்தாண்டுச் சமயத்தில் மத்தியக் கிழக்குக்கு அப்படித்தான் போனார்கள், 2021 ஆகஸ்டில் காபூலுக்கும் அப்படித்தான். அவர் அந்தப் பிரிவில் இல்லாவிட்டாலும் ஃபீல்டு பயிற்சி என்று வாரக்கணக்கில் போவார். ராத்திரி இரண்டு மணிக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? உள்ளே இருந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம், அவள் வீட்டுக்காரரும் எங்கேயோ போயிருப்பார், அதனால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வோமாக் ராணுவ மருத்துவமனையும் பேஸுக்குள்ளேயே இருக்கிறது. ஃபயெட்வில்லில் வண்டி இல்லாமல் ஒரு மூன்று வயதுக் குழந்தையோடு தனியாக இருப்பது எனக்கு யோசிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

உள்ளே என்றாலும் எந்தக் குடியிருப்பு என்று கேளுங்கள். பிராக் மிகப் பெரியது. லிண்டன் ஓக்ஸும் பேஸ் வீடுதான், ஆனால் அது ஹார்னெட் கவுண்டிப் பக்கம் தனியாகக் கிடக்கிறது. வீடுகள் நன்றாக இருக்கும், வண்டி ஓட்டாதவருக்கு அது சரிவராது. விளையாட்டுத் திடல், சின்னக் கடை, நூலகம் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற இடமாகக் கேளுங்கள், வீடு பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் குவார்ட்டர்ஸ் என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது அரசாங்க வீடு என்று தோன்றும். இங்கே அப்படி இல்லை. 1996ல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, அமெரிக்காவுக்குள் இருக்கும் ராணுவக் குடும்ப வீடுகளை ஏறக்குறைய முழுவதும் தனியார் நிறுவனங்களிடம் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். பொதுவாக பி.ஏ.ஹெச். முழுவதும் அப்படியே வாடகையாகப் போய்விடும், கையில் எதுவும் மிஞ்சாது. அவருக்குப் பதவி உயர்வு வந்து படி கூடினால் வாடகையும் கூடும். அதற்குப் பதிலாக அட்வான்ஸ் கேட்க மாட்டார்கள், தண்ணீர், குப்பை, பெரும்பாலும் மின்சாரமும் அதிலேயே அடங்கிவிடும். கிரெடிட் ஸ்கோரே இல்லாமல் வந்து இறங்கியிருக்கும் உங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வெளியே மலிவாக ஒரு வீடு பிடித்தால் மிச்சம் பிடிக்கலாம், உண்மைதான். ஆனால் 2019 முதல் அந்தப் படியே சராசரி வாடகை, மின்சாரச் செலவில் 95 சதவீதத்துக்குத்தான் கணக்குப் போட்டுத் தரப்படுகிறது. அதோடு இரண்டாவது கார், அதற்கு இன்ஷூரன்ஸ் என்று சேர்த்துப் பாருங்கள்.

இனி, நான் நிறையச் சொல்ல வேண்டிய இடம் இது. பூசணம். வட கரோலினாக் கோடையில் காற்றே ஈரமாக இருக்கும், ஏசி சரியில்லாத வீட்டில் சுவர் வியர்க்கும். வீடு காட்டும்போது ஹாலையும் படுக்கையறையையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சிங்க்குக்குக் கீழே குனிந்து மோந்து பாருங்கள். ஏசி வைத்திருக்கும் அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். காற்று வரும் கம்பித் தட்டைச் சுற்றிக் கறுப்புப் புள்ளி இருக்கிறதா, ஒரே ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். 1978க்கு முன் கட்டிய வீடாக இருந்தால் ஈயப் பெயின்ட் பற்றிக் கட்டாயம் கேளுங்கள், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் பிள்ளை இருக்கிறது.

2018ல் பத்திரிகைகளில் இந்த வீடுகளின் நிலைமை வெளியாகிப் பெரிய சர்ச்சை ஆனது. அதன் பிறகு வந்த சட்டம் குடியிருப்பவர்களுக்குச் சில உரிமைகளைக் கொடுத்திருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்த வீட்டில் கடந்த ஏழு வருடம் நடந்த ரிப்பேர் விவரத்தைக் கேட்டு வாங்கலாம். தகராறு என்றால் முறையாகப் புகார் கொடுக்கலாம், அது முடியும்வரை வாடகையை நிறுத்திவைக்கவும் வழி உண்டு. ஏழு வருட விவரத்தைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரே குளியலறையில் நாலு தடவை தண்ணீர்க் கசிவு என்று இருந்தால் வேறு வீடு காட்டச் சொல்லுங்கள்.

அங்கே இரண்டு அலுவலகம் இருக்கும், புதிதாக வருபவர்கள் இதில்தான் குழம்புவார்கள். ஒன்று வீட்டு நிறுவனத்தின் அலுவலகம், சிரித்துப் பேசி சாவி கொடுப்பவர்கள். இன்னொன்று ராணுவத்தின் ஹவுசிங் ஆபீஸ். அவர்கள்தான் உங்கள் பக்கம். பிராக்குக்கு முன்னால் நாங்கள் இருந்த வேறொரு பேஸில் ஏசி அலமாரியில் பூசணம் வந்தது. புகார் கொடுக்கும்போதெல்லாம் ஆள் வந்து பிளீச் போட்டுத் துடைத்து, மேலே பெயின்ட் பூசிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுதிக்கொண்டு போவார். கடைசியில் தேதி போட்ட போட்டோக்களை எடுத்துக்கொண்டு ஹவுசிங் ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். அதற்கப்புறம்தான் சுவரையே பிரித்துச் சரிசெய்தார்கள். போட்டோ எடுப்பது வீம்புக்கு இல்லை. பல தளங்களில் வீடு நடத்திய ஒரு நிறுவனம், ஊக்கத்தொகைக்காக ரிப்பேர் கணக்கையே பொய்யாக எழுதியதை 2021 டிசம்பரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, ஆறரைக் கோடி டாலருக்கு மேல் கட்டியது. அவர்கள் கணக்கு அவர்களிடம் இருக்கட்டும், உங்கள் கணக்கு உங்கள் போனில் இருக்கட்டும்.

அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேன் புகையை வெளியே தள்ளுகிறதா, இல்லை நம் முகத்துக்கே திருப்பி விடுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் இரண்டாவதுதான். காய்ந்த மிளகாய் தாளித்தால் அலாரம் அலறும். நான் தாளிப்பதற்கென்றே ஒரு மின்சார அடுப்பு வாங்கிப் பின்கட்டில் வைத்திருக்கிறேன்.

அப்பா அம்மாவை ஆறு மாதம் வரவழைக்கும் எண்ணம் இருந்தால், அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு டிபென்டன்ட் ஐடி, அதாவது ராணுவக் குடும்பத்தினருக்கான அடையாள அட்டை, வந்துவிட்டால் கேட்டில் காட்டிவிட்டு உள்ளே போகலாம். இந்தியப் பாஸ்போர்ட்டில் வரும் பெற்றோருக்கு அப்படி இல்லை. கணவர் பெயரில் பொறுப்பேற்று, விவரம் கொடுத்து, சரிபார்த்த பிறகுதான் பாஸ். வீட்டு ஒப்பந்தத்திலும் ஒரு மாதத்துக்கு மேல் தங்கும் விருந்தினருக்கு அனுமதி வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். டிக்கெட் போடும் முன்பே இரண்டையும் முடித்துவிடுங்கள். உள்ளே இருப்பதில் எனக்குப் பிடிக்காதது இதுதான், பெற்றவர்களுக்கே பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து டிபன் செய்து விற்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இதற்கெல்லாமும் அனுமதி கேட்க வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடி இறக்கும்போது ஊதல் சத்தம் ஸ்பீக்கரில் வரும். ஓடும் கார்கள் நிற்கும், சைக்கிள் ஓட்டும் பொடிசுகள்கூடக் காலை ஊன்றி நிற்பார்கள். முதல் நாள் நீங்கள் மட்டும் நடந்துகொண்டிருப்பீர்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பீரங்கிப் பயிற்சி நாளில் ஜன்னல் அதிரும், பாப்பாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். ரேங்க் வாரியாகக் குடியிருப்பு பிரித்திருப்பார்கள். சில மனைவிமார் கணவரின் ரேங்கைத் தங்கள் தோளிலும் குத்திக்கொண்டு திரிவார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

பள்ளி பற்றி: உள்ளே குடியிருந்தால் பாதுகாப்புத் துறையே நடத்தும் பள்ளியில் சேர்க்கலாம், உயர்நிலைக்கு மட்டும் வெளியே போக வேண்டும். மகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. குழந்தைகள் காப்பகத்துக்கு மட்டும் இப்போதே பெயர் கொடுங்கள், வரிசை நீளம். அதற்கு உள்ளே குடியிருக்க வேண்டும் என்று இல்லை.

ஒரு வருடத்தில் வண்டி ஓட்டப் பழகிவிடுவீர்கள். அப்போது வெளியே போக ஆசைப்பட்டால் சான்ஃபோர்ட் பக்கம் பாருங்கள், கேரிக்கும் பிராக்குக்கும் நடுவே இருக்கிறது. திடீரென்று வேறு ஊருக்கு ஆர்டர் வந்தாலும் வெளி வாடகை ஒப்பந்தத்தை முறிக்கச் சட்டம் இடம் தருகிறது, பயம் வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது, ஆர்டரை வைத்து வீட்டு விண்ணப்பத்தை இன்றே போடச் சொல்வது. காத்திருப்போர் பட்டியலில் மாதக்கணக்கில் நிற்க வேண்டிவரலாம். உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அது இல்லாமல் உங்களை அவருடைய குடும்பமாகப் பதிய மாட்டார்கள், ஐடியும் வராது, வீடும் வராது. இன்னொன்று, இணையத்தில் தேடும்போது ஃபோர்ட் லிபர்டி என்று வந்தால் வேறு ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். 2023ல் அப்படிப் பெயர் மாற்றி, 2025ல் மறுபடி பிராக் ஆக்கிவிட்டார்கள்.