பல்லில் வெள்ளைத் திட்டு: அடைக்காமல் விடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. மேல் முன்பற்கள் இரண்டில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளையாக இருக்கிறது. வலி இல்லை. "சொத்தையின் ஆரம்பம், அடைக்க வேண்டாம், ஃப்ளோரைடு வார்னிஷ் (பல்லில் தடவும் மருந்துப் பூச்சு) போதும்" என்கிறார் பல் டாக்டர். சொத்தை திரும்பச் சரியாகுமா? கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: குழி விழாதவரை சரியாகும். உங்கள் டாக்டர் சொன்னபடியே செய்யுங்கள்.

பல்லில் படியும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. அங்கே பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுதல்) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால், பல்லின் கெட்டியான மேலோடான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைகின்றன. அமிலம் தணிந்ததும் எச்சில் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒவ்வொரு நாளும் நடப்பதுதான் இது. வரவைவிடச் செலவு கூடினால் வெள்ளைத் திட்டு விழும். கரையான் அரித்த நிலைப்படி மாதிரி, மேல்தோல் அப்படியே இருக்கும், உள்ளேதான் பொலபொலத்திருக்கும். அதனால்தான் கூரான கம்பியால் அங்கே குத்திப் பார்ப்பதில்லை. காற்றடித்து உலர்த்தினாலே திட்டு பளிச்சென்று தெரியும். வீட்டிலும் குண்டூசி, பல்குச்சி வேண்டாம்.

கால்சியம் மாத்திரை இதற்கு உதவாது. முளைத்துவிட்ட பல்லின் எனாமலுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரையின் கால்சியம் அங்கே போய்ச் சேராது. வேண்டிய கால்சியம் எச்சிலிலேயே இருக்கிறது. அதைப் பல்லில் படியவைப்பது ஃப்ளோரைடு. அப்படிப் படிவது பழைய எனாமலைவிட அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும்.

பேஸ்ட் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்று இருக்க வேண்டும். குழந்தைகளுக்கென்று விற்கும் சிலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது. பட்டாணி அளவு பேஸ்ட், இரண்டு வேளை, ஈறோரம் விடாமல். 9 வயது என்றாலும் ராத்திரி ஒரு தடவை நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர்விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. பாட்டி முகம் சுளிப்பார், பரவாயில்லை. வார்னிஷை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை தடவுவார்கள். அன்று பல் மஞ்சளாகப் பிசுபிசுக்கும், பயப்பட வேண்டாம்.

இனிப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். ஒரு மைசூர்பாகைச் சாப்பாட்டோடு தின்று முடிப்பதைவிட, மாலை முழுக்க ஒவ்வொரு பிஸ்கட்டாகக் கொறிப்பது மோசம். ஒவ்வொரு கடிக்குப் பிறகும் எச்சில் அமிலத்தை அடக்க அரைமணி நேரமாவது பிடிக்கும். சர்க்கரை போட்ட பாலைக் குடித்தவுடன் தூங்குவதையும் நிறுத்துங்கள், தூக்கத்தில் எச்சில் வற்றிவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த பகுதியில் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அங்கே ஃப்ளோரோசிஸாலும், அதாவது பல் உருவாகும்போது ஃப்ளோரைடு மிகுந்துபோவதாலும், பல் வெளுக்கும். ஆனால் அது பெரும்பாலும் இரு பக்கமும் ஒரேபோல, குறுக்குக் கோடுகளாக, பல் முளைக்கும்போதே இருக்கும்.

சில மாதங்களில் திட்டு மங்கல் போய்ப் பளபளப்பானால் ஆறுகிறது என்று பொருள். வெள்ளை முழுதாக மறையாமலும் போகலாம், அதனால் கெடுதல் இல்லை. சொரசொரப்பாகிக் குழி விழுந்தால் மட்டும் அடைத்தாக வேண்டும்.