வெட்கத்தையும் எரிச்சலையும் அட்டவணையில் எங்கே எழுதுவது?

கேள்வி இதுதான்: கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழே சிறுபோக நெற்செய்கைக்கு முதல் வாய்க்கால் துப்புரவாக்கும்போது, வராமல் வீட்டில் நின்றவரின் வயலுக்கும் தண்ணீர் பாயும். விளையாட்டுக் கோட்பாட்டின்படி (மற்றவர் செய்வதையும் பார்த்து ஒருவர் எதைத் தெரிவார் என்று கணக்கிடும் முறை) ஒருவரும் போகக்கூடாது, ஆனாலும் போகிறார்கள். அப்படியென்றால் கோட்பாடு பிழையா?

கோட்பாட்டில் பிழையில்லை. யார் எதைச் செய்தால் யாருக்கு எவ்வளவு என்று போடும் அட்டவணையில் ரூபாவை மட்டும் எழுதிவிட்டு, அதையே பயன்பாடு (ஒருவர் உண்மையில் உணரும் மொத்தப் பயன்) என்று எடுப்பதுதான் பிழை.

ஒரு வாய்க்கால், இரண்டு கமக்காரர். போகிறவருக்கு ஒருநாள் கூலி 3000 ரூபா போகும். அவர் செய்யும் வேலையால் இருவருக்கும் தலா 2000 நன்மை (எண்கள் கணக்குக்காக வைத்தவை). இருவரும் போனால் ஆளுக்கு 1000 மிச்சம். ஒருவர் மட்டும் போனால் அவருக்கு 1000 நட்டம், நின்றவருக்கு 2000 இலாபம். இருவரும் நின்றால் 0. மற்றவர் எதைச் செய்தாலும் நிற்பதே 1000 ரூபா கூட. இது அப்படியே 'கைதிகளின் இக்கட்டு': தனித்தனியே பார்த்தால் நிற்பதே இலாபம், ஆனால் இருவரும் நின்றால் இருவருக்கும் நட்டம்.

இனி, எர்ன்ஸ்ட் ஃபெர், கிளவுஸ் ஷ்மிட் இருவரும் 1999இல் தந்த மாதிரியைப் போடுங்கள். அவனுக்கு என்னைவிடக் கூடக் கிடைத்தால் வரும் எரிச்சல் ஆல்பா. எனக்கு அவனைவிடக் கூடக் கிடைத்தால் வரும் கூச்சம் பீட்டா. இருவரின் பணவித்தியாசத்தை அதனதன் எண்ணால் பெருக்கி, கைக்கு வந்த பணத்தில் கழிக்கவேண்டும். மற்றவர் போகும்போது நான் நின்றால் வித்தியாசம் 3000. என் பயன் 2000 − 3000 × பீட்டா. பீட்டா மூன்றில் ஒன்றைத் தாண்டினால் போவதே மேல். ஆனால் மற்றவர் நிற்கும்போது நான் போனால் −1000 − 3000 × ஆல்பா. அங்கே எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும் நிற்பதே மேல்.

ஆக ஆட்டமே மாறிவிட்டது. பீட்டா மூன்றில் ஒன்றைத் தாண்டியவர்களுக்கு, இருவரும் போவதும் சமநிலை, இருவரும் நிற்பதும் சமநிலை; அதாவது தனியே மாறி ஒருவரும் கூடப் பெறமுடியாத நிலை. ஆல்பா, பீட்டா இரண்டும் 0.5 என்றால், மற்றவர் வருவார் என்று 83 வீதத்துக்கு மேல் நம்பினால்தான் ஒருவர் மண்வெட்டியைத் தூக்குவார். வருகிறவர்களின் பெயரை முதல்நாளே வாசித்துவிடுவது வேலை செய்வது இதனால்தான்.

தண்டப்பணத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வராதவருக்கு 500 ரூபா போட்டு, அது கமக்காரர் அமைப்பின் கணக்குக்குப் போகிறது என்று வையுங்கள். மாதிரியின்படி, மற்றவர் வரும்போது பீட்டா 0.2ஐத் தாண்டினாலே ஆள் வருவார்; முந்திய நிலையைவிட நல்லது. ஆனால் "காசு கட்டியாச்சு, இனி என்ன" என்ற எண்ணம் வந்தால் பீட்டா 0 ஆகிவிடும். நின்றால் 1500, போனால் 1000, அவர் நிற்பார். ஹைஃபா நகரக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் நீசியும் ருஸ்டிகினியும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: பிந்தி வரும் பெற்றோருக்குத் தண்டம் போட்டதும் பிந்துவோர் கூடினர், தண்டத்தை எடுத்தபிறகும் குறையவில்லை. போடுவதென்றால் பெரிதாகப் போடவேண்டும். பணம் மட்டும் பார்ப்பவருக்கு 1000இற்கு மேல் போதும், ஆல்பா 0.5 உள்ள ஒருவரை, மற்றவர் வராதபோதும் வரவைக்க ஏறத்தாழ 1670 வேண்டும்.

இன்னொன்று: ஆள் வந்துவிட்டார் என்பதற்காகப் பீட்டா இருக்கிறது என்று முடிவெடுக்காதீர்கள். அடுத்த போகத்தில் அதே அயலவரிடம் விதைநெல் கேட்கவேண்டியிருந்தால், வருவது வெறும் பணக் கணக்காகவும் இருக்கலாம். பிரித்தறிய, ஒருவரையொருவர் தெரியாதபடி ஒரே தடவை ஆடவைக்கவேண்டும். ஊர்ப்பேச்சுக்கான பயத்தை ஏற்கெனவே ரூபாவாக்கி அட்டவணையில் எழுதியிருந்தால், பீட்டாவிலும் அதையே திரும்பச் சேர்க்காதீர்கள்.