ஐந்து நாளில் போட்ட காசு வந்துவிடுமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரில் வசிக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் பனிச்சறுக்கு ஓரளவு வரும். மகன் ஆகஸ்டில் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறான். மகள் இரண்டாம் வகுப்புக்கு. சென்ற சீசனில் மொத்தம் 9 நாள் போனோம். அதில் 6 நாள், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சிறிய மலைக்கு. அங்கே சீசன் முழுவதும் சறுக்க உதவும் 2025-26 சீசன் பாஸ் பெரியவர்களுக்கு 550 டாலர். ஐகான் என்ற கூட்டு பாஸ் அதே சீசனுக்கு 1,329 டாலர், ஆனால் பல மலைகளுக்குப் போகலாம். பிப்ரவரியில் பக்கத்து மாநிலமான யூட்டாவுக்கு 3 நாள் போகும் எண்ணமும் இருக்கிறது. "ஐகான் வாங்கு, ஐந்து நாளில் போட்ட காசு வந்துவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்குவது?

பதில்: உங்கள் நண்பர்கள் எந்த விலையோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 1,329ஐ ஐந்தால் வகுத்தால் நாளுக்கு 266 டாலர் வரும். பெரிய மலை ஒன்றின் கவுன்டரில் அன்றன்று விற்கும் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் அது மலிவாகத்தான் தெரியும். கொலராடோவின் பெரிய மலைகளில் ஒன்றான வேலில் கூட்டம் அலைமோதும் நாட்களில் ஒருநாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது. ஆனால் நீங்கள் இருவரும் என்றைக்காவது அந்த விலை கொடுத்துச் சறுக்கியிருக்கிறீர்களா? கொடுத்தே இருக்கமாட்டோம் என்ற பணத்தை மிச்சம் பிடித்ததாக எப்படிக் கணக்கு எழுதுவது?

கவுன்டர் விலை அவ்வளவு உயரத்தில் நிற்பது தற்செயல் இல்லை. அந்த மலையை நடத்தும் வேல் நிறுவனம் 2008இல் எபிக் என்ற கூட்டு பாஸை 579 டாலருக்குக் கொண்டுவந்தது. பனி விழுவதற்கு முன்பே பணத்தை வாங்கிக்கொள்வதுதான் அதன் சூட்சுமம். ஆல்டெரா நிறுவனம் 2018இல் ஐகானோடு போட்டிக்கு வந்தது. டிக்கெட் விலை ஏற ஏற, பாஸ் வாங்குவது புத்திசாலித்தனமாகத் தோன்றும். பனி பொய்த்தால் வரும் நட்டம் முன்பு மலைக்காரருடையது. இப்போது முன்பணம் கட்டிய உங்களுடையது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, நல்ல வியாபாரம். அந்த வியாபாரத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது தெரிந்திருந்தால் போதும்.

உங்கள் கணக்குக்கு வருவோம். இரண்டு பாஸுக்கும் வித்தியாசம் ஆளுக்கு 779 டாலர், இருவருக்கும் 1,558. உங்கள் திட்டப்படி அந்தப் பணம் யூட்டாவின் 3 நாளுக்குத்தான் போகிறது. ஐகானிலேயே 2, 3, 4 நாளுக்கு மட்டும் செல்லும் செஷன் பாஸ் விற்கிறார்கள். சீசனுக்கு முன்பே வாங்கினால் 3 நாள் பாஸ் அந்த 779க்குள் தாராளமாக அடங்கிவிடும். எந்தெந்த மலைகளில், எந்தத் தேதிகளில் செல்லாது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி நடுவில் வரும் அதிபர் தின விடுமுறை வார இறுதி, இத்தகைய பாஸ்கள் செல்லாமல் போகும் தேதி.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐகான் இருந்தால் உங்கள் சிறிய மலையின் பாஸே வேண்டாம் என்று ஒருவர் வாதிடலாம். அதை வைத்து வின்டர் பார்க், காப்பர் ஆகிய மலைகளில் எத்தனை நாள் வேண்டுமானாலும் சறுக்கலாம், இரண்டும் டென்வரிலிருந்து போய்வரும் தூரம்தான். நீங்கள் ஆண்டுக்கு 15 நாளுக்குக் குறையாமல் போகிறவராக இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் ஏழு வயதுப் பெண்ணோடு சனிக்கிழமை காலை, அந்த மலைகளுக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலையில் ஊர்ந்திருக்கிறீர்களா? பக்கத்து மலையில் இருக்கும் சௌகரியம், பாதியில் கிளம்பிவிடலாம் என்பது. பதினொன்றரைக்குக் கையுறை நனைந்து, விரல் வலிக்கிறது என்று அவள் அழத் தொடங்குவாள். ஒரு மணி நேரத்தில் வீடு என்றால் உடனே கிளம்பிவிடுவீர்கள். விடியலுக்கு முன் எழுந்து, மூன்று மணி நேரம் நெரிசலில் வந்திருந்தால் "இன்னும் ஒரு தடவை, கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டிருப்பீர்கள். அடுத்த வாரம் அவள் வரவே மாட்டேன் என்பாள்.

ஒரு மலையில் பனி இல்லாவிட்டால் இன்னொன்றுக்குப் போகலாமே என்ற வாதம் பாதிதான் உண்மை. அக்கம்பக்கத்து மலைகளுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே மேகம்தான். பாஸில் கனடா இருப்பதால் அன்று பிற்பகல் கனடாவுக்குப் போய்விட முடியாது.

பாஸ் கையில் இருப்பதே ஒரு செலவு என்பதையும் கணக்கில் சேருங்கள். "லிஃப்டுக்குத்தான் ஏற்கெனவே பணம் கட்டியாயிற்றே" என்று தொடங்கும் பயணம் விடுதி அறை, பெட்ரோல், மலை உச்சி உணவகம் என்று வளரும். கூட்டு பாஸ்களின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது.

மகன் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். மாநிலத்தின் பனிச்சறுக்கு மலைகளுக்கான கொலராடோ ஸ்கி கன்ட்ரி அமைப்பு, 5, 6ஆம் வகுப்பு மாணவர்களையும் சேர்த்து, சிறு கட்டணத்தில் 'பாஸ்போர்ட்' என்ற பெயரில் ஒரு சறுக்குப் பாஸ் தருகிறது. அதை வைத்து மாநிலத்தின் பல மலைகளில் சில நாட்கள் அவன் சறுக்கலாம். அது யூட்டாவில் செல்லாது. அங்கே அவனுக்கு டிக்கெட் தனி.

காயம் பட்டால் என்ன ஆகும் என்ற பகுதியை வாங்கும் முன் படியுங்கள். சில பாஸ்களில் மீதி நாட்களுக்கு ஏற்பப் பணம் திரும்ப வரும். சிலவற்றில் ஒருநாள்கூடப் பயன்படுத்தாமல் இருந்தால்தான் அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்கள். நான் ஒருமுறை பெரிய கூட்டு பாஸ் வாங்கி, நான்காம் நாளே முழங்காலைத் திருகிக்கொண்டேன். படிக்காமல் ஒப்புக்கொண்ட பத்தி ஒன்று அன்று மாலை நிதானமாகப் படிக்கக் கிடைத்தது. நிதி ஆலோசகன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

ஆகவே, சிறிய மலையின் பாஸை இப்போதே வாங்குங்கள். வசந்த கால விலை அப்படியே நிற்காது. யூட்டா விடுதியை முன்பதிவு செய்த பிறகு செஷன் பாஸ் வாங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். கிரெடிட் கார்டில் போட்டு மாதக்கணக்கில் வட்டி கட்டுவதாக இருந்தால் எந்தப் பாஸும் வேண்டாம். பாஸ் வந்ததும் கோட்டின் இடதுபக்கப் பையில் அதை மட்டும் தனியாக வையுங்கள். கைபேசியோடு சேர்த்து வைத்தால் பாஸைப் படிக்க முடியாமல் லிஃப்ட் வாசலில் கதவு திறக்காமல் அடம்பிடிக்கும்.